புதுப்பிப்பு: ஊட்டி வேண்டாம் என்று வால்பாறைக்கே போனோம்

கல்யாண நாளுக்கு நானும் மனைவியும் மட்டும் காரில் மலைக்குப் போக வேண்டும், ஊட்டியா வால்பாறையா என்று கேட்டிருந்தேன் அல்லவா, வால்பாறைக்கே போய்விட்டு அதிரப்பள்ளி வழியாக இறங்கினோம். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பொள்ளாச்சியிலேயே டேங்க்கை நிரப்பிக்கொண்டு, விடிந்ததும் ஆழியாறு சோதனைச்சாவடியைத் தாண்டிவிடுங்கள். 2025 நவம்பரிலிருந்து இ-பாஸ் கட்டாயம், வீட்டிலேயே எடுத்துவிடலாம். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவதில் கண்டிப்பாக வண்டியை நிறுத்துங்கள், கீழே ஆழியாறு அணை முழுசாகத் தெரியும். நாங்கள் நின்றபோது ஒரு வரையாடு தடுப்புச்சுவர் ஓரமாக, எங்களைக் கண்டுகொள்ளாமல் புல் மென்றுகொண்டிருந்தது, மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கூட விடாமல் பார்த்தாள்.

புதுத்தோட்டம் பக்கம் மெதுவாக ஓட்டுங்கள், சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும். தயவுசெய்து தீனி மட்டும் போடாதீர்கள், பழகிவிட்டால் அவை வண்டியில் அடிபட்டுச் சாகின்றன.

அப்புறம் வால்பாறையிலிருந்து அதிரப்பள்ளிக்கு இறங்கும் வழியில், கேரள எல்லையில் இருக்கும் மளுக்கப்பாறை முதல் வாழச்சால் வரை. என்னைக் கேட்டால் மொத்தப் பயணத்திலும் இதுதான் உச்சம்! இருபக்கமும் அடர்காடு, சிக்னல் கிடையாது, பேசிக்கொண்டே போகலாம். ஆனால் பெட்ரோல் பங்க் எதுவும் இல்லை, சாயங்காலத்துக்கு மேல் சோதனைச்சாவடியில் விடமாட்டார்கள், அதனால் வால்பாறையில் காலைச் சாப்பாட்டை முடித்த கையோடு கிளம்பிவிடுங்கள்.