மகனின் மளிகைச் செலவு: அட்டையைக் கொடுத்துவிட்டுத் தவிக்கிறேன்

கோத்தகிரி அம்மா:
அனைவருக்கும் வணக்கம். மகன் வெளிநாட்டுக்கு மேற்படிப்புக்குச் சென்று மூன்று வாரங்கள் ஆகின்றன. சாப்பாட்டுச் செலவுக்கென்று என் டெபிட் அட்டையையே கொடுத்து அனுப்பினேன். அதற்குள் 40,000 ரூபாய் போய்விட்டது. நேற்று மாலை அரிசியும் முட்டையும் பாலும் எடுத்துக்கொண்டு கடை வரிசையில் நின்றிருக்கிறான். மூன்று முறை முயன்றும் பணம் போகாததால், பின்னால் நின்றவர்கள் பார்க்க எல்லாவற்றையும் அங்கேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு அறைக்குத் திரும்பியிருக்கிறான். இணையத்தில் வாங்கலாமென்றால் ஓடிபி என் கைப்பேசிக்கு வருகிறது. மழை பிடித்துவிட்டால் எங்கள் தோட்டச் சரிவில் டவர் கிடைப்பதில்லை. எங்களுக்குப் பச்சைத் தேயிலைப் பணம் மாதம் ஒருமுறைதான் வரும். பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாது, பணமும் தண்ணீராக ஓடக் கூடாது. என்ன வழி?

ஊட்டிக்காரன், ஸ்டுட்கார்ட்:
கவலைப்படாதீர்கள் அம்மா. ஜெர்மனி விசாவுக்காக முடக்கக் கணக்கில் 11,904 யூரோ போட்டிருப்பீர்களே, அதிலிருந்து மாதம் 992 யூரோதான் அவன் கைக்கு வரும். அதைவிடப் பெரிய கட்டுப்பாடு வேறு வேண்டாம். நான் வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும் என்பதே தெரியாது. ஊரிலிருந்து கொண்டுவந்த வர்க்கி பெட்டிக்குள் நொறுங்கிக் கிடந்தது. அந்தத் தூளைக் கரண்டியால் அள்ளித் தேநீரில் போட்டு ஒரு நாள் முழுவதும் ஓட்டினேன். காலி பிளாஸ்டிக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கும் என்று அறிந்தபின், விடுதியில் விருந்து நடந்த மறுநாள் காலையெல்லாம் எனக்குப் பால் வாங்கக் காசு இருந்தது.

குன்னூர், ஓய்வுபெற்றவர்:
உங்கள் கிரெடிட் கார்டுடன் இணைந்த கூடுதல் அட்டை ஒன்றை அவன் பெயரில் வாங்கி, வரம்பு வைத்துக் கொடுங்கள். ஒவ்வொரு செலவும் உங்களுக்குக் குறுஞ்செய்தியாக வரும். நாங்கள் படித்த காலத்தில் மணியார்டர் வந்தால்தான் சோறு. இப்போதைய பிள்ளைகளுக்குச் சமைக்கச் சோம்பல்.

கொடைக்கானல் விவசாயி:
ஐயா, அந்தக் குறுஞ்செய்தி மட்டும் வேண்டவே வேண்டாம். என் மகள் அங்கே ஒரு காபி குடித்தால் இங்கே என் சட்டைப்பையில் மணி அடிக்கும். நானும் சும்மா இராமல் கேட்டுவிடுவேன். ஆறு மாதம் நாங்கள் பேசியதெல்லாம் காபியைப் பற்றித்தான். பிறகு அவள் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். நாங்கள் 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டை விளைவிக்கிறோம். அவளோ அங்கே வலைப்பையில் சீனப் பூண்டு வாங்குகிறாள். விலையைக் கேட்டால் நமக்குத்தான் நெஞ்சு வலிக்கிறது.

குன்னூர், ஓய்வுபெற்றவர்:
பூண்டாவது பரவாயில்லை. பச்சைத் தேயிலைக்கு இங்கே கிடைக்கும் விலையையும், அங்கே ஒரு குவளைத் தேநீருக்குக் கேட்கும் விலையையும் ஒப்பிட்டால் இரவில் உறக்கம் வராது.

லெஸ்டர், பூர்வீகம் கூடலூர்:
மகன் எந்த நாட்டில் இருக்கிறான் என்பதை அம்மா இன்னும் சொல்லவில்லை; அதற்குள் நாம் தேநீர்க் கடைக்கு வந்துவிட்டோம். அக்கா, எந்த ஊர்? அங்கே வங்கிக் கணக்கு தொடங்கிவிட்டானா? அட்டை ஏன் வேலை செய்யவில்லை?

கோத்தகிரி அம்மா:
மன்னிக்கவும், இங்கிலாந்தில் கோவென்ட்ரி. கணக்கு இன்னும் தொடங்கவில்லை. செலவைப் பார்த்துப் பயந்துபோய் அட்டையின் பின் எண்ணை நேற்று முன்தினம் நான்தான் மாற்றினேன். அவனிடம் சொல்லவில்லை.

லெஸ்டர், பூர்வீகம் கூடலூர்:
அப்படியானால் அட்டையின் மீது குறை இல்லை. பல வங்கிகளில் மூன்று முறை பின் எண் தவறினால் அன்றைக்கு முடங்கும் அட்டை மறுநாள் தானாக இயங்கும். முதலில் உங்கள் வங்கியைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆனால் உங்கள் அட்டையையும் பின் எண்ணையும் மகனேயானாலும் பிறர் கையில் கொடுப்பது வங்கி விதிக்கு மாறானது. தொலைந்தால் பொறுப்பு உங்கள் தலையில் விழும். வெளிநாட்டுச் செலவுக்குப் பல வங்கிகள் 3.5 விழுக்காடு வரை கூடுதலாகப் பிடித்து, அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் வாங்குகின்றன. அந்தக் கணக்கில் உங்கள் 40,000 ரூபாய்க்கு ஏறத்தாழ 1,650 ரூபாய் போயிருக்கும். அது பிள்ளை சாப்பிட்டதல்ல.

அந்தத் தொகையே வாரத்துக்குச் சுமார் 110 பவுண்டுதான் ஆகிறது. முதல் மாதத்தில் சட்டி, போர்வை, பேருந்துச் சீட்டு எல்லாம் அதற்குள்தான் வந்திருக்கும் என்பதால், ஊதாரித்தனம் என்று நான் சொல்லமாட்டேன். விசாவுக்கு லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்டு காட்டச் சொல்கிறார்களே, அது அறை வாடகை உட்பட எல்லாவற்றுக்குமான தொகை, மளிகைக்கென்று நினைத்துவிடாதீர்கள்.

இனிச் செய்ய வேண்டியது இதுதான். கடவுச்சீட்டும் பல்கலைக்கழகக் கடிதமும் வைத்து அவன் இந்த வாரமே கணக்கு தொடங்கட்டும். கைப்பேசிச் செயலியிலேயே இயங்கும் வங்கிகளில் பெரும்பாலும் விரைவில் முடிந்துவிடும். நீங்கள் தேயிலைப் பணம் வந்ததும் மாதம் ஒருமுறை மட்டும் அனுப்புங்கள், ஏனெனில் ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் தனிக் கட்டணம் உண்டு. வங்கிப் படிவத்தில் நோக்கம் என்ற இடத்தில் குடும்பப் பராமரிப்பு என்று எழுதாமல் வெளிநாட்டுக் கல்வி என்று குறிப்பிடுங்கள். நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்வரை டிசிஎஸ் என்ற முன்வரிப் பிடித்தம் கிடையாது, அதற்குமேல் போனால் நோக்கத்தைப் பொறுத்து விகிதம் மாறும். வந்த பணத்தை அவன் தனி ஒதுக்கீட்டில் வைத்துவிட்டு, வெள்ளிதோறும் ஒரு வாரத் தொகை மட்டும் செலவுக் கணக்குக்குத் தானாக மாறும்படி அமைக்கட்டும். புதன்கிழமையே தீர்ந்துவிட்டால் வியாழன் என்ன செய்வது என்று அவனே யோசிப்பான். நீங்கள் பின் எண்ணை மாற்ற வேண்டியதில்லை.

பெரிய கடைகளில் தேதி முடியும் பொருட்களுக்கு மாலையில் மஞ்சள் ஒட்டு ஒட்டி விலையைக் குறைப்பார்கள். அரிசியை நாலு பேர் சேர்ந்து பெரிய மூட்டையாக வாங்கினால் கட்டுப்படியாகும். படிப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலைக்குப் போகக் கூடாது என்பதையும் சொல்லிவையுங்கள். பணம் போதவில்லை என்று அதற்குமேல் வேலைக்குப் போய்ச் சிக்கிக்கொள்பவர்கள் உண்டு.

கோத்தகிரி அம்மா:
நன்றி தம்பி. அட்டை இன்று வேலை செய்தது. அரிசியும் முட்டையும் வாங்கிவிட்டான். கணக்கு தொடங்க வியாழக்கிழமை போகிறானாம். பால் மட்டும் மறந்துவிட்டது என்றான். வாரத் தொகையை எவ்வளவு என்று வைப்பது? 40 பவுண்டு போதுமா?

லெஸ்டர், பூர்வீகம் கூடலூர்:
சமைக்கத் தெரிந்தால் 40 போதும் அக்கா. தெரியாவிட்டால் முதல் மாதம் 50 என்று வையுங்கள், குக்கர் விசில் எண்ணப் பழகும்வரை.