ஜெர்மனியில் பிறக்கப்போகும் மகளுக்குப் பெயர்: பிரசவத்துக்கு முன்பே முடிவு செய்ய வேண்டியவை

ஜெர்மனிக்குப் புதிதாக வந்து, இங்கே மகளை எதிர்பார்த்திருக்கும் தமிழ்ப் பெற்றோர் பலர், பெயரைக் குழந்தை பிறந்த பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். ஊரில் அப்படித்தான் நடக்கும். பிறந்த நேரத்தைக் குறித்து, நட்சத்திரத்துக்குரிய எழுத்தைக் கேட்டு, பதினாறாம் நாளோ முப்பதாம் நாளோ தொட்டிலில் இட்டு, காதில் மூன்று முறை பெயரைச் சொல்வோம். இங்கே ஸ்டாண்டஸ்ஆம்ட் எனப்படும் பதிவு அலுவலகத்துக்கு ஒரு வாரத்துக்குள் பிறப்பைத் தெரிவித்தாக வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே தெரிவித்துவிடுவார்கள். ஆனால் பெயருக்கான படிவம், தாய் இன்னும் எழுந்து நடமாடத் தொடங்காத நிலையிலேயே கைக்கு வந்துவிடும்.

பெயரை மட்டும் ஒரு மாதத்துக்குள் சொல்லலாம் என்று சட்டம் இடம் தருகிறது. எனினும் பெயர் முடிவாகாமல் முறையான பிறப்புச் சான்றிதழ் கைக்கு வராது. சான்றிதழ் இல்லாமல் கிண்டர்கெல்ட் எனப்படும் குழந்தை உதவித்தொகை, எல்டர்ன்கெல்ட் எனப்படும் பெற்றோர் உதவித்தொகை, கடவுச்சீட்டு ஆகிய எல்லாமே தள்ளிப்போகும். எல்டர்ன்கெல்ட் விண்ணப்பித்த மாதத்துக்கு முந்தைய மூன்று மாதங்களுக்கு மட்டுமே பின்னோக்கிக் கிடைக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள். அதைவிட முக்கியமானது, பதிவான பெயரைப் பிறகு மாற்றுவதற்கு இங்கே தக்க காரணம் காட்ட வேண்டும் என்பது. தமிழ்நாட்டில் அரசிதழில் வெளியிட்டு மாற்றிக்கொள்வதைப் போன்ற எளிய வழி இங்கே இல்லை; தாத்தாவுக்கு வேறு பெயர் பிடித்திருந்தது என்பது காரணமாகாது.

ஆகவே பெயரையும் அதன் எழுத்துக்கூட்டலையும் குடும்பப் பெயரையும் பிரசவத்துக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள் என்பதே நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது. அதற்கு இங்கே ஒரு வசதியும் உண்டு. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்ற, இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லத் தடுத்திருக்கும் செய்தியை, கருத்தரித்துப் பன்னிரண்டு வாரம் கடந்த பின் ஜெர்மானிய மருத்துவர் பெற்றோரிடம் சொல்லலாம். மகள்தான் என்று தெரிந்த பிறகு ஐந்தாறு மாத அவகாசம் இருக்கிறது. ஊரிலுள்ள பெரியவர்களையும் அந்த மாதங்களிலேயே பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். நட்சத்திர எழுத்தை விட மனம் இல்லையென்றால் அந்த எழுத்தில் தொடங்கும் பெயரை இரண்டாம் பெயராக வைக்கலாம். இங்கே ஒன்றுக்கு மேற்பட்ட முதற்பெயர்கள் வைப்பது சாதாரணம். 2018 நவம்பர் முதல் அவற்றின் வரிசையை மட்டும் பிற்பாடு ஓர் அறிவிப்பின் மூலம் மாற்றிக்கொள்ளவும் முடிகிறது. பாட்டியின் பெயரை விட்டுவிடாமல் காப்பதற்கும் இது நல்ல வழி.

அடுத்தது ஒலி. உங்கள் மகளை நாள் முழுவதும் அழைக்கப்போவது கிண்டர்கார்டன் ஆசிரியையும் உடன் விளையாடும் பிள்ளைகளும். அவர்கள் எழுத்தைப் பார்த்து ஜெர்மன் முறையில் படிப்பார்கள், ஆங்கில முறையில் அல்ல. ‘ஜே’ எழுத்து இங்கே யகரம். எனவே ஜனனி, யனனி ஆகிவிட வாய்ப்பு அதிகம். ‘வி’ எழுத்தைப் பல சொற்களில் ‘ஃப’ என்று ஒலிப்பார்கள். நம்முடைய வகரத்துக்கு அவர்கள் எழுதுவது ‘டபிள்யூ’. ‘இசட்’ எழுத்து ‘ட்ஸ’ என்று வரும் என்பதால், ழகரத்துக்காக நாம் எழுதும் ‘இசட்எச்’ யாழினியையும் கயல்விழியையும் அடையாளம் தெரியாமல் ஆக்கிவிடும். ஐரோப்பாவில் நெடுங்காலமாக வாழும் ஈழத்தமிழர் பலர் ழகரத்தை ‘எல்’ கொண்டு எழுதுகிறார்கள். யாழினி என்ற பெயரைக் கைவிடுவதைவிட அப்படி எழுதுவது மேல் என்பது என் கருத்து. வீட்டில் ழகரத்தை நாம் சொல்லிக்கொடுத்தால் குழந்தை நன்றாகவே சொல்லும். எண் கணிதத்துக்காக இரண்டு ‘ஏ’யும் கூடுதலாக ஒரு ‘எச்’சும் சேர்க்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். சேர்த்த ஒவ்வோர் எழுத்தையும் அந்தக் குழந்தை வாழ்நாள் முழுவதும் தொலைபேசியில் எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

நிலா, மலர், இனியா, ஆதிரை போன்றவை சிதையாமல் நிற்கும். ஆதிரையின் ஈற்றில் வரும் ‘ஏஐ’ என்ற எழுத்துகளை ஜெர்மானியரும் ‘ஐ’ என்றே ஒலிப்பார்கள். முல்லை மிக அழகான பெயர்தான். ஆனால் குப்பைக்கான ஜெர்மன் சொல்லின் ஒலி அதற்கு மிக நெருங்கி வருவதால், பள்ளிக்கூடத்தில் அந்தச் சிறுமி படக்கூடிய பாட்டை எண்ணி நான் தயங்குவேன். தேர்ந்த பெயரை எழுதி, ஜெர்மானிய நண்பர் இருவரிடம் கொடுத்து, எதுவும் சொல்லாமல் வாசிக்கச் செய்யுங்கள்.

பொருளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இணையப் பட்டியல்களில் பாதிப் பெயர்களுக்கு ‘அழகு’, ‘ஒளி’, ‘தேவதை’ என்றே பொருள் போட்டிருக்கும்; பல பொருள்கள் தவறாகவும் இருக்கும். இங்கே வளரும் பெண்ணிடம் ‘உன் பெயருக்கு என்ன பொருள்?’ என்று எத்தனையோ பேர் கேட்பார்கள். அப்போது அவள் சொல்ல ஒரு கதை இருக்க வேண்டும். ஆதிரை என்று பெயர் வைத்தால், மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்ட பெண்ணைப் பற்றி அவள் சொல்லலாம். அது வானத்தில் சிவந்து ஒளிரும் விண்மீனின் பெயர் என்றும் சொல்லலாம். வெண்ணி என்ற பெயரையும் நினைத்துப் பாருங்கள். வெண்ணிப் போரில் கரிகாலன் வென்ற பிறகு, அவன் முன்னிலையிலேயே, தோற்று, வடக்கிருந்து (வடக்கு நோக்கி உண்ணா நோன்பிருந்து) உயிர்விட்ட சேரன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று பாடினார் வெண்ணிக் குயத்தியார். மன்னனிடம் அஞ்சாமல் உண்மை சொன்ன ஒரு பெண்ணின் நினைவைச் சுமக்கும் பெயர் எந்த ஊரிலும் ஒரு மகளுக்குத் துணையாக இருக்கும்.

பெயர் பெண்ணுடையதுதானா என்று அலுவலர் ஐயப்பட்டால் கலங்க வேண்டாம். கிரண் என்ற இந்தியப் பெயரை ஒரு பெண் குழந்தைக்கு வைப்பது பற்றிய வழக்கில், முதற்பெயர் பாலினத்தைக் காட்டியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று கார்ல்ஸ்ரூஹேயிலுள்ள கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் 2008 டிசம்பரில் தீர்ப்பளித்தது. குழந்தையின் நலனுக்குக் கேடான பெயரைத்தான் மறுப்பார்கள். அப்படியும் சிக்கல் எழுந்தால், வீஸ்பாடனிலுள்ள ஜெர்மன் மொழிச் சங்கம் கட்டணத்துக்குப் பெயர்ச் சான்று தருகிறது.

குடும்பப் பெயர்தான் நம்மவர்களுக்கு உண்மையான தலைவலி. 2025 மே 1 முதல், இங்கே வசிப்பவரின் பெயருக்குப் பொதுவாக ஜெர்மன் சட்டமே பொருந்துகிறது. அதன்படி குழந்தைக்குத் தந்தையின் அல்லது தாயின் குடும்பப் பெயர், அல்லது இரண்டும் சேர்ந்த இரட்டைப் பெயர் வரும். உங்கள் கடவுச்சீட்டின் குடும்பப் பெயர் இடத்தில் உங்கள் தந்தையின் பெயர் இருந்தால், மகளுக்கும் அவளுடைய தாத்தாவின் பெயரே வந்து சேரும். நம் வழக்கப்படி அப்பாவின் பெயரே மகளின் பெயருக்குப் பின் வர வேண்டும் என்று விரும்பினால், இந்தியக் குடியுரிமையுள்ள குழந்தைக்கு இந்தியச் சட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாமா என்று பதிவுக்கு முன்பே அலுவலகத்தில் எழுத்துவழியாகக் கேட்டு வையுங்கள். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இடம் வெறுமையாக உள்ளவர்கள், கர்ப்ப காலத்திலேயே பெர்லின் தூதரகத்தையோ ஃப்ராங்ஃபர்ட், மியூனிக், ஹாம்பர்க் துணைத் தூதரகங்களையோ அணுகித் தங்கள் கடவுச்சீட்டைத் திருத்திக்கொள்வது நல்லது. ஒற்றைப் பெயர் பிற நாட்டு விசாக்களிலும் தொல்லை தருகிறது.

சான்றிதழ் வந்ததும் ஒவ்வோர் எழுத்தையும் சரிபார்த்து, பன்மொழிப் பிறப்புச் சான்றிதழையும் கூடவே கேட்டு வாங்குங்கள். பெற்றோர் இருவரும் இந்தியக் குடிமக்களாக இருந்து, குழந்தைக்கு ஜெர்மன் குடியுரிமை கிடைக்காத நிலையில், ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து, அதே எழுத்துக்கூட்டலில் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இங்கே தங்கும் அனுமதிக்குப் பிறந்த ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.