பிரேக் ஆயில் குறைந்துகொண்டே போகிறது, தரையில் ஒரு சொட்டுகூட இல்லை

தூத்துக்குடிக்காரன்:
வணக்கம். 2013 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது, முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஏபிஎஸ் கிடையாது. இரண்டு மாதத்துக்கு முன் வளைவில் திருப்பும்போது மட்டும் ஹேண்ட் பிரேக் விளக்கு மினுக்கென்று எரிந்து அணைந்தது. ஹேண்ட் பிரேக் சரியாக இறங்கவில்லை போல என்று லீவரை நாலு தட்டு தட்டிவிட்டு மறந்துவிட்டேன். ஆயில் குறைந்தாலும் அதே விளக்குதான் எரியும் என்று தெரிந்து அப்புறம் பானட்டைத் திறந்தால் பிரேக் ஆயில் டப்பாவில் MIN (குறைந்தபட்ச அளவு) கோட்டுக்கும் கீழே கிடக்கிறது. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஊற்றி நிரப்பிவிட்டு "ஒன்றும் இல்லை சார், ஓட்டுங்க" என்றார்கள். இருபதே நாளில் மறுபடியும் விளக்கு. ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வைத்துப் பார்த்துவிட்டேன், காலையில் அட்டை காய்ந்துதான் இருக்கிறது. பெடல் முன்பைவிடக் கொஞ்சம் கீழே போகிறது, ஆனால் பிடிக்கிறது. அடுத்த வாரம் அம்மா, அப்பா, பிள்ளைகளோடு கொடைக்கானல் போவதாக இருக்கிறோம். ஒரு பாட்டில் ஆயிலைக் கையில் வைத்துக்கொண்டு போய் வந்துவிடலாமா?

மலைப்பாதை டிரைவர்:
போகாதீர்கள் தம்பி. வத்தலக்குண்டு தாண்டி ஏறும்போது ஒன்றும் தெரியாது, எல்லாம் இறங்கும்போதுதான். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை தாங்க வேண்டும் என்று கணக்கு, ஈரம் ஏறிவிட்டால் 140 வரைதான். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. பன்னிரண்டு வருட வண்டியில் எப்போது மாற்றினார்கள் என்று யாருக்குத் தெரியும்? இறக்கத்தில் பிரேக்கிலேயே கால் வைத்து வந்தால் ஆயில் கொதித்து ஆவியாகி பெடல் மெத்தையில் கால் வைத்த மாதிரி அமுங்கிவிடும். அதோடு ஒழுக்கு வேறு. உங்களுடையது மாதிரி வண்டிகளில் பெரும்பாலும் இரண்டு லைன் குறுக்காகப் போகும், இடது பின்னும் வலது முன்னும் ஒன்று, மற்றவை ஒன்று. ஒரு லைன் காலியானாலும் இன்னொன்று பிடிக்கும் என்பது ஓரமாக நிறுத்துவதற்கு மட்டும்தான், குடும்பத்தோடு மலை இறங்குவதற்கு இல்லை.

பழைய ஸ்பேனர்:
26 வருடமாக இதே வேலை பார்க்கிறேன். முதலில் ஒன்று, பேட் தேயத் தேய டப்பாவில் மட்டம் இறங்குவது சகஜம், ஆனால் அது மாதக்கணக்கில் மெதுவாக நடக்கும். இருபது நாளில் MIN கோட்டுக்குக் கீழே போனால் ஒழுக்கேதான். தரையில் விழவில்லை என்றால் எனக்கு இரண்டு இடத்தில்தான் சந்தேகம்.

ஒன்று, மாஸ்டர் சிலிண்டரின் (பெடலை மிதித்ததும் ஆயிலைக் குழாய்களுக்குள் தள்ளுவது) பின் சீல். அது போனால் ஆயில் வெளியே வராமல், மிதிக்கும் பலத்தைக் கூட்டிக்கொடுக்கும் பூஸ்டருக்குள் போய்விடும். சிலிண்டரும் பூஸ்டரும் சேரும் இடத்துக்குக் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள், கருப்பு பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தால் அதுதான், பிரேக் ஆயில் பெயின்டைத் தின்றுவிடும். (கை பட்டு பானட்டில் சிந்தினாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், துணியால் தேய்க்க வேண்டாம்.) இன்னொன்று, பின் டிரம்முக்குள் பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர். அதில் ஒழுகுவது ஷூவின் லைனர் தேய்ந்த தூளோடு சேர்ந்து உள்ளேயே குழம்பிக் கிடக்கும், கீழே சொட்ட ரொம்ப நாள் ஆகும். டயரின் உள்பக்கச் சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஏசி தண்ணீர் காய்ந்துவிடும், இது காயாது.

ஹைட்ராலிக் கிளட்ச் வண்டியா? சிலவற்றில் கிளட்ச்சுக்கும் இதே டப்பாவிலிருந்துதான் ஆயில் போகும், கிளட்ச் பக்கம் ஒழுகுவதை பிரேக் என்று நினைத்துப் பிரித்து மேய்ந்தவர்கள் உண்டு. உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு அடியில் போகும் இரும்புக் குழாயையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். துரு இருந்தால் புதுக் குழாய்தான். எம்சீல் வைத்து அடைக்கிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள், ஓங்கி மிதித்தால் அந்தக் குழாய்க்குள் கிட்டத்தட்ட 100 பார் அழுத்தம்.

சேலத்து மாப்பிள்ளை:
வீல் சிலிண்டராக இருந்தால் ரப்பர் கிட் மட்டும் மாற்றினால் போதுமே, புது சிலிண்டர் எதற்கு? என் பழைய வேனுக்கு மூன்று முறை கிட்தான் போட்டிருக்கிறேன்.

பழைய ஸ்பேனர்:
மூன்று முறை போட்டேன் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் மாப்பிள்ளை. உள்சுவரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், சொரசொரவென்று மாட்டினால் புது ரப்பரையும் அது அறுத்துவிடும். இன்னொன்று, ரப்பரை பெட்ரோலில் கழுவுவார்கள், பார்த்திருப்பீர்கள். பெட்ரோல், டீசல், இன்ஜின் ஆயில் எது பட்டாலும் அந்த ரப்பர் ஊதிப்போகும். பிரேக் ஆயிலாலேயே துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் கிளீனர்.

தூத்துக்குடிக்காரன்:
கிளட்ச் கேபிள்தான். இடது பின் டயரின் உள்பக்கம் தடவினேன், வழவழ! வண்டியை எடுக்காமல் தெரிந்த மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்தேன். டிரம் வரவே இல்லை, அதில் இருக்கும் இரண்டு மரைத் துளைகளில் போல்ட் போட்டு மாற்றி மாற்றி முறுக்கியதும் பிதுங்கிக்கொண்டு வந்தது. உள்ளே லைனர் தூள் முழுக்கக் கருப்புக் களிம்பு. ஸ்க்ரூடிரைவர் நுனியால் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாகத் தூக்கியதும் டீ நிறத்தில் ஆயில் வழிந்தது. வலது பக்கம் ஈரம் மட்டும்தான், ஆனாலும் இரண்டு பக்கமும் சிலிண்டர், ஷூ எல்லாம் புதுசு. ஆயில் குடித்த ஷூவைச் சூடு காட்டிப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன், முறைத்தார்.

குழாய் நட்டுதான் பாடாய்ப் படுத்தியது. சாதா ஸ்பேனர் போட்டதும் முனை மழுங்க ஆரம்பித்தது, அப்புறம் கடைக்குப் போய் வாய் திறந்த ரிங் ஸ்பேனர் வாங்கிவந்துதான் கழன்றது. குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற ஏர் எடுக்கும்போது நான் பெடலில். "அமுக்குங்க... பிடிங்க... இப்ப விடுங்க" என்று முக்கால் மணி நேரம். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைக்கச் சொன்னார், பழைய வண்டியில் தரை வரை மிதித்தால் பிஸ்டன் இதுவரை போகாத இடத்துக்குப் போய் மாஸ்டர் சிலிண்டர் சீலும் கிழிந்துவிடுமாம். கண்ணாடி டியூபில் குமிழி நின்று தெளிந்த ஆயில் வர நாலு சக்கரத்துக்கும் சேர்த்து அரை லிட்டர் பாட்டிலில் முக்கால் போயிற்று. இன்ஜின் ஓடும்போது ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தேன், பெடல் இறங்கவில்லை. டப்பாவில் மார்க்கரால் கோடு போட்டு இன்றோடு பதினைந்து நாள், அதே கோடு. கொடைக்கானலை அடுத்த லீவுக்குத் தள்ளிவிட்டோம், பிள்ளைகள் முகம்தான் சரியில்லை. ஒரு சந்தேகம், மீதி கால் பாட்டில் இருக்கிறதே, அடுத்த வருடத்துக்கு ஆகுமா?

பழைய ஸ்பேனர்:
ஆகாது. திறந்த பாட்டில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அதிலும் உங்கள் கடலோரத்தில். கொடுத்துவிடுங்கள் மெக்கானிக்கிடம், இந்த வாரமே வேறு வண்டிக்கு ஊற்றிவிடுவார்.