ஓலைப்பெட்டி 132 கிலோ, ரசீதில் 360 கிலோ: எங்கே தவறு?

தேரிக்காடு:
திசையன்விளைப் பக்கம் எங்கள் மகளிர் குழு பனை ஓலைப்பெட்டி முடைகிறது. போன வாரம் 12 அட்டைப்பெட்டிகளைப் பார்சல் லாரியில் பெங்களூருக்கு அனுப்பினோம். எங்கள் தராசில் ஒவ்வொன்றும் 11 கிலோ, மொத்தம் 132. ரசீதில் ‘சார்ஜ் வெயிட்’, அதாவது வாடகை போடும் எடை, 360 கிலோ! டாக்கெட் கட்டணம் (ரசீது போடும் கட்டணம்), டீசல் கூடுதல் கட்டணம், ஏற்றுகூலி தனி. முடைந்தவர்களுக்குக் கூலி கொடுக்கவே கையைக் கடிக்கிறது. ஏமாந்துவிட்டோமா?

வள்ளியூரான்:
எடைமேடைச் சீட்டுடன் போய்ச் சண்டை போடுங்கள், தங்கச்சி. விடாதீர்கள்.

பாளை புக்கிங்:
எடைச்சீட்டு உதவாது, அண்ணாச்சி. லாரியில் எடை நிறைவதற்குள் இடம் நிறைந்துவிடும் சரக்கு இது. தங்கச்சி, அட்டைப்பெட்டியின் வெளி அளவு என்ன?

தேரிக்காடு:
நீளம் 60, அகலம் 45, உயரம் 46 செ.மீ. மூடி புடைத்திருக்கும் இடத்தில் 50.

பாளை புக்கிங்:
அந்தப் புடைப்பில்தான் டேப் வைப்பார்கள். 60×45×50 = 1,35,000. அதை 4,500ஆல் வகுத்தால் 30 கிலோ. 12 பெட்டிக்கு 360. கணக்கு சரி. நிஜ எடை, இப்படி அளவை வகுத்து வரும் இட எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் வாடகை. வகுக்கும் எண் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. சிலர் 5,000 வைப்பார்கள், சிலர் கன அடிக்கு இத்தனை கிலோ என்பார்கள். சரக்கைக் கொடுக்கும் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். 5,000 என்றால் உங்களுக்கு 324 கிலோதான் வந்திருக்கும்.

உள்ளே ஓலைப்பெட்டிகளை மூடியோடு அப்படியே அடுக்கினீர்களா?

தேரிக்காடு:
ஆமாம், உள்ளே எல்லாம் காற்றுதான். மூடியைக் கழற்றி, பெரியதற்குள் நடு, நடுவுக்குள் சிறியது என்று இப்போதே வைத்துப் பார்த்தேன். அதே அட்டைப்பெட்டி ஐந்து போதும்! ஒவ்வொன்றும் 26 கிலோவை ஒட்டி வருகிறது.

பாளை புக்கிங்:
அப்படியானால் 150 கிலோவுக்குத்தான் வாடகை. டீசல் கட்டணம் வாடகையில் சதவீதம் என்பதால் அதுவும் இறங்கும். டாக்கெட் ரசீதுக்கு ஒன்று. வாரம் இரண்டு முறை அனுப்பாமல் ஒரே ரசீதில் போடுங்கள். வாங்குபவர் பார்சல் லாரிக் கிடங்குக்கே வந்து எடுத்துக்கொண்டால் வீட்டு டெலிவரிக் கட்டணமும் மிச்சம்.

வள்ளியூரான்:
நான் அவசரப்பட்டுவிட்டேன், தங்கச்சி. ஒன்று மட்டும்: மூடிகளைப் படுக்க வைத்தால் விளிம்பு நசுங்கும். நிறுத்தி வைத்து, இடையில் காய்ந்த ஓலைச் சீவலைத் திணியுங்கள்.

தேரிக்காடு:
சீவல் முற்றத்தில் குவிந்து கிடக்கிறது. திங்கட்கிழமை அனுப்பிவிட்டு, ரசீதில் வந்த எடையை இங்கே எழுதுகிறேன்.