புதுப்பிப்பு: குன்னூர்க் கொள்ளுத்தாத்தாவின் தடம்

என் கொள்ளுத்தாத்தா மலை ரயில் பாதை போட வந்தவர் என்று வீட்டில் சொல்வதற்கு ஆதாரம் கிடைக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். தேவாலய ஏடுகளைப் பாருங்கள் என்று நண்பர்கள் கூறியபடி, குன்னூர்ப் பகுதித் தேவாலயம் ஒன்றின் திருமணப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி பெற்றேன். 1911ஆம் ஆண்டுப் பக்கத்தில் அவர் இருக்கிறார். தொழில் கேங்மேன், அதாவது ரயில் பாதையைப் பராமரிக்கும் தொழிலாளி; வயது 22. கையெழுத்துக்கான இடத்தில் கோணலாக ஒரு பெருக்கல் குறி, அதையொட்டிக் குருவானவரின் சாய்ந்த எழுத்தில் ‘இன்னாரின் அடையாளம்’ என்ற குறிப்பு.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை பாதை திறக்கப்பட்ட 1899இல் அவருக்குப் பத்து வயதுதான் இருந்திருக்கும் என்பதால், வீட்டுக் கதை உண்மையானால் அது 1908இல் உதகை வரை நீட்டிக்கப்பட்ட பகுதிக்கே பொருந்தும். ஆனால் ஏட்டிலுள்ள வயதை நான் முழுதாக நம்பவில்லை. தம் பிறந்த ஆண்டையே அறியாதவர்களுக்கு எழுதுபவர் உத்தேசமாகப் போட்டதுதானே பல இடங்களில் வயது!

பெரிய லாபம், அவருடைய தகப்பனார் பெயர் கிடைத்ததுதான். பழைய கிரையப் பத்திரங்களில் ஒவ்வொருவரையும் ‘இன்னார் குமாரர்’ என்றே எழுதியிருப்பார்கள் என்பதால், ஒரே பெயர் கொண்ட பலருக்கிடையே இவரைப் பிரித்தறிய இனி வழியுண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடுதலுக்கு மனு கொடுத்திருக்கிறேன். பாட்டி சொன்ன வீட்டுமனை கொள்ளுத்தாத்தாவின் பெயரில் இருந்ததா என்பதை அதில்தான் பார்க்க வேண்டும்.