சிவில் + வக்கீல், கனடா வந்தாச்சு. வேலை? வழி சொல்லுங்க (அவசரம்)

திருமங்கலம்_சிவில்:
அண்ணன்மாரே, அக்காமாரே, கனடா வந்து மூணு மாசமாகுது. நான் சிவில், ரோடு, பாலம்னு சைட்லயே நின்னவன். மனைவி மதுரை ஹைகோர்ட் கிளையில பிராக்டிஸ் பண்ணுனவங்க. அப்ளிகேஷன் போட்டா 'கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் இல்லை'ங்குறான், பாதிப்பேர் பதிலே போடுறதில்ல. கையிருப்பெல்லாம் பேஸ்மென்ட் வாடகைக்கே போகுது. மனைவி ராத்திரி சரியாத் தூங்குறதே இல்ல. ஒரு வேர்ஹவுஸ்ல வரச் சொல்றாங்க. போறதா, வேணாமா? இன்னைக்குள்ள சொல்லணும்.

கும்பகோணம்_கூல்:
போய்டாதீங்க. உள்ள போனா வெளிய வர மாட்டீங்க. கிளவுட் சர்டிபிகேட் ஒண்ணு முடிங்க. என் மச்சான் மெக்கானிக்கல்தான், இப்ப ஐடி.

வடமராட்சியான்:
தம்பி, போங்கோ. நான் வந்த புதிசில பின்னேரம் ரெஸ்ரோரண்டில கோப்பை கழுவி, விடியப்புறம் பேப்பர் போட்டனான். சப்பாத்துக்குள்ள ஸ்னோ போய்க் கால் விறைக்கும். பொலித்தீன் பையைக் காலில சுத்திக்கொண்டுதான் பஸ்ஸுக்கு நிண்டது. இப்ப வாற பிள்ளையளுக்கு எல்லாம் உடனே வேணும்.

ரீபார்:
பி.எங். (ப்ரொஃபஷனல் இன்ஜினியர்) லைசென்ஸ் இல்லாம இங்க சிவில்ல ஒண்ணும் நடக்காது. முதல்ல அது.

டேக்ஆஃப்_மணி:
யார் சொன்னா? நான் லைசென்ஸ் இல்லாமத்தான் எஸ்டிமேட்டரா, அதாவது கட்டுமானச் செலவைக் கணக்குப் போடுறவனா இருக்கேன். லைசென்ஸ்காரர் பொறுப்பேத்துக்கிட்டா அவருக்குக் கீழ டிசைனும் பண்ணலாம். 'இன்ஜினியர்'னு கார்டு மட்டும் அடிச்சிறாதீங்க, சட்டப்படி குத்தம்.

ரீபார்:
எத்தனை வருசம் அவருக்குக் கீழயே இருக்குறது?

கும்பகோணம்_கூல்:
இமிக்ரேஷன்ல படிப்புக்குப் பாயிண்ட் போட்டுத்தானே வரச் சொல்றாங்க? வந்தப்புறம் அந்தப் படிப்பையே தெரியாதுங்குறது. வேலை விளம்பரத்துல கனடியன் அனுபவம் கேக்கக் கூடாதுன்னு 2026 ஜனவரி 1ல இருந்து ஓன்டாரியோவுல சட்டமே இருக்கு. விளம்பரத்துல எழுத மாட்டான், மனசுல வச்சுப்பான்.

வடமராட்சியான்:
அதுவும் 25 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யிற இடத்துக்குத்தான்.

தல்லாகுளம்_அக்கா:
எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்கப்பா. தம்பி, எந்த மாகாணம்னே நீங்க சொல்லல. கியூபெக்னா பிரெஞ்சு, சிவில் சட்டம், கதையே வேற. பி.ஆரா (நிரந்தரமாத் தங்குற அனுமதி), தற்காலிக பெர்மிட்டா?

திருமங்கலம்_சிவில்:
மன்னிக்கணும்கா. ஓன்டாரியோவுல பிராம்ப்டன், பி.ஆர். மனைவி படிச்சது அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம், அஞ்சு வருச பி.ஏ. பி.எல்.

தல்லாகுளம்_அக்கா:
அப்ப கேளுங்க. உங்களுக்கு பி.இ.ஓ., ஓன்டாரியோவுல இன்ஜினியர் லைசென்ஸ் தர்ற அமைப்பு. கனடாவுல 12 மாசம் வேலை பார்த்திருக்கணும்ங்குற விதியை 2023 மே மாசமே எடுத்துட்டாங்க. 48 மாச அனுபவம் வேணும், அது ஊர் அனுபவமாவும் இருக்கலாம். எந்தப் பாலத்துல எந்த முடிவை நீங்க எடுத்தீங்கன்னு எழுதணும், அதுக்குப் பழைய மேலதிகாரி சாட்சி சொல்லணும். அவர் ரிட்டயர் ஆகி நம்பர் மாத்துறதுக்குள்ள பிடிங்க. லைசென்ஸுக்கு எழுத வேண்டிய என்.பி.பி.இ. பரீட்சையில சட்டமும் தொழில் நெறியும்தான். வீட்டுலயே வக்கீல் இருக்காங்க. அதுவரைக்கும் எஸ்டிமேட்டர், ப்ராஜெக்ட் கோஆர்டினேட்டர் வேலைக்குப் போடுங்க.

உங்க மனைவிக்கு என்.சி.ஏ., வெளிநாட்டுச் சட்டப் படிப்பை மதிப்பிடுற அமைப்பு. இமிக்ரேஷனுக்கு எடுத்த மதிப்பீட்டை அங்க காட்ட முடியாது, என்.சி.ஏ.காரங்களே தனியாப் பார்ப்பாங்க. அரசியல் சட்டம், நிர்வாகச் சட்டம், கிரிமினல்னு கனடியப் பாடங்கள்ல பரீட்சை சொல்வாங்க. அப்புறம் வக்கீல் லைசென்ஸ் தர்ற லா சொசைட்டியோட பரீட்சை, ஆர்ட்டிக்ளிங் (ஒரு வக்கீல்கிட்ட இருந்து பழகுறது). ஆர்ட்டிக்ளிங் இடம் கிடைக்கலைன்னா டொராண்டோ மெட்ரோபாலிடன் யுனிவர்சிட்டியில அதுக்குப் பதிலா எல்.பி.பி.னு ஒரு பயிற்சித் திட்டம் இருக்கு: நாலு மாசம் பயிற்சி, நாலு மாசம் ஆபீஸ். இடையில லா கிளார்க் (வக்கீலுக்குக் கீழ உதவி செய்யுற) வேலை தேடச் சொல்லுங்க, அதுக்கு லைசென்ஸ் வேணாம். சின்ன வழக்குகளைத் தானே நடத்துற பாராலீகல்னா வேணும், அதுக்குன்னு கோர்ஸும் முடிக்கணும். ரெண்டையும் குழப்பிக்காதீங்க. லைசென்ஸ் செலவுக்கு விண்ட்மில் மைக்ரோலெண்டிங்ல விசாரிங்க, கடன் தருவாங்க.

வேர்ஹவுஸுக்குப் போங்க, பகல்ல நாலு ஆபீஸுக்குப் போன் பண்ண முடியுற மாதிரி ஷிப்டா கேளுங்க.

திருமங்கலம்_சிவில்:
ரொம்ப நன்றிக்கா. இப்பவே ஷிப்ட் கேக்குறேன். அவங்க மார்க் ஷீட்டை ஊர்ல தம்பிய விட்டு கூரியர் போடச் சொல்லட்டுமா?

தல்லாகுளம்_அக்கா:
வேணாம். பல்கலைக்கழகமே என்.சி.ஏ.வுக்கு நேரா அனுப்பணும், உங்க கைக்கு வந்து போனா செல்லாது. உங்க தம்பி சென்னைக்குப் போய் விண்ணப்பம் மட்டும் கொடுக்கட்டும், ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.