பேத்தை மீனை நன்றாக வேகவைத்தால் விஷம் போய்விடாதா?

கேள்வி: பாம்பனில் எங்கள் வலையில் பேத்தை விழும். வயிறு ஊதிப் பந்தாகிக் கிடக்கும். அப்பா அதைக் கடலிலேயே வீசிவிடுவார். குழம்பில் கொதித்தாலும் ஆபத்தா அண்ணா?

பதில்: ஆபத்துதான் தம்பி. பேத்தையின் விஷமான டெட்ரோடோடாக்சின் சமையல் சூட்டுக்கு அசையாது. ஈரலிலும் சினையிலும் அதிகம். நரம்புக்குள் சோடியம் நுழையும் வாசலை அடைத்துவிடும். இது 1964இல் நராஹாஷி, மூர் உள்ளிட்ட விஞ்ஞானிகள் கண்டறிந்தது. மூளை ஆணையிட்டாலும் தசைக்குச் சேதி போகாது. முதலில் உதடு மரக்கும், அப்புறம் கைகால், கடைசியில் மூச்சு.

கேட்டவர்: நினைவு தப்புமா?

பதில்: பெரும்பாலும் தப்பாது. இமைகூட அசையாமல் கிடப்பவருக்கு நாம் பேசுவது கேட்கலாம். மாற்று மருந்து இல்லை. உதடு மரத்த உடனே வென்டிலேட்டர் உள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இன்னொருவர்: அப்பா செய்வதே சரி. கருவாட்டுக்கும் எடுக்காதீர்கள்.